வயலின்களை எழுதியவளுக்கு

இன்று காலை லிஃப்டில் ஒரு சீனப் பெண் வயலின் பெட்டியோடு ஏறினாள். பள்ளிச் சீருடையின் நீலப் பாவாடையில் வெள்ளைப் பொடி சிந்தியிருந்தது. வில்லுக்குத் தேய்க்கும் பிசினின் பொடி. கதவு மூடியதும் அந்த வாசனை சுற்றிக்கொண்டது. நான் இறங்க வேண்டிய மாடியில் இறங்கவில்லை. அவள் போன பிறகும் நின்றபடியே மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனேன். பினாங்கு ஆயர் ஈத்தாம் பாசாரில் வாங்கிய மீன் பையிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தேன், எழுந்தேன். ஜன்னலைத் திறந்தேன், சாத்தினேன். நீ இருந்திருந்தால், "என் வியாதி கடைசியில ஒனக்கும் ஒட்டிக்கிச்சா?" என்று சிரித்திருப்பாய். உன்னால் ஒரு நாற்காலியில் முழுசாக உட்கார முடிந்ததே இல்லை. பள்ளிக்கூட இசைக்குழுவில் வயலின் வாசிக்கும்போதுகூட உன் இடது குதிகால் தரையில் படாது. பின்வரிசையில் வியோலாவோடு இருந்த எனக்கு, நோட்டுத் தாளைவிட அந்தக் குதிகால்தான் கண்ணில் படும்.

வியோலா எனக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. வயலினைவிடச் சற்றுப் பெரியது, குரல் தணிந்தது, யாரும் தனியாகக் கேட்காதது. மற்றவர்கள் எடுத்தது போகப் பள்ளி அலமாரியில் அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். வீட்டில் வேறு வாத்தியம் வாங்க வழியில்லை. உன் வீடு வேறு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், தாத்தா காலத்திலிருந்தே கந்தோரில் ஆபீஸ் வேலை, வயலின் உனக்குப் பிறந்தநாள் பரிசு. ஆனாலும் இடைவேளையில் நீ முன்வரிசைப் பெண்களை விட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து நிற்பாய். "நீ வாசிக்கிறது எனக்குக் கேக்குதுடி" என்று ஒருநாள் சொன்னாய். எனக்கு வேறு யாரும் அதைச் சொன்னதில்லை.

பள்ளி முடிந்த பிறகு நம் இருவருக்கும் கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் வேலை கிடைத்தது. நீ ஒரு சரக்குக் கம்பெனியில் தற்காலிகக் குமாஸ்தா, நான் ஒரு பல் டாக்டரிடம் உதவியாள். தினமும் காலையில் ஃபெரியில் ஒரே வாக்மேனின் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டோம். எல்லாம் ராக் கேசட்டுகள். கிட்டார் அலறிக்கொண்டிருக்கும், அதற்கடியிலிருந்து திடீரென்று இருபது முப்பது வயலின்கள் எழும்பும். அந்த இடம் வந்ததும் நீ என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாய்.

"இது யாருடி செஞ்சது?"

"அந்த பேண்டுதான்."

"இல்லலா. பாடுறவனுக்கு மியூசிக் நோட்டு படிக்கவே தெரியாதாம், அவனே பேட்டியில சொல்லியிருக்கான். கிட்டார்க்காரன் இத்தன வயலினுக்கு எப்படி எழுதுவான்? யாரோ ஒரு ஆளு எங்கியோ தனியா இருந்து எழுதியிருக்கு. அந்த ஆளு யாரு?"

கேசட் அட்டையை விரித்து, கண்ணுக்கு எட்டாத பொடி எழுத்துகளில் அந்த ஆளைத் தேடுவாய். சிலவற்றில் தயாரிப்பாளரின் பெயர் இருக்கும். சில குழுக்களில் கீபோர்டு வாசிப்பவரே எழுதியிருப்பார். சிலவற்றில், சினிமா இசைக்கோ கச்சேரி மேடைக்கோ எழுதிப் பழகிய ஒருவரைக் கூலிக்குக் கூப்பிட்டிருப்பார்கள். அவர் பெயர் நன்றி வரிசையின் கடைசியில் கிடக்கும். பல அட்டைகளில் யாருமே இருக்கமாட்டார்கள். வயலின்கள் தாமாகவே வந்து வாசித்துவிட்டுப் போனதுபோல. அந்த அட்டைகளை நீ மடித்து வைக்கும் விதத்திலேயே கோபம் தெரியும். ஃபெரி கரையைத் தொடும்வரை கம்பியைப் பிடித்தபடி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடப்பாய்.

ரோஸ்லான் நம்மிடம் வந்தது ஒரு ஞாயிறு பிற்பகல். கடற்கரை ஓட்டலில் தேநீர் நேரத்துக்கு நாம் இருவரும் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்தோம். தோள்வரை முடி, கிழிந்த ஜீன்ஸ். ஓட்டல் ஆள் அவனை வெளியே அனுப்பப் பார்த்தான். அவன் நகரவில்லை. பகலில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவன், தன் ராக் குழுவில் பாடுபவன், கிட்டாரும் அவன்தான். கோலாலம்பூரில் ஒரு தயாரிப்பாளர் அவர்களுடைய பாட்டைப் பதிவு செய்ய ஒப்புக்கொண்டிருந்தார்.

"எங்க பாட்டுல ஒரு இடம் காலியா இருக்கு" என்று மலாயில் சொன்னான். "அங்க என்ன வரணும்னு எனக்குத் தெரியும். எப்படிக் கொண்டுவரதுன்னுதான் தெரியல. உங்களால முடியுமாலா?"

நான் வாயைத் திறப்பதற்குள் நீ "முடியும்" என்றாய். அதுவரை நீ ஒரு வரிகூட எழுதியதில்லை.

டத்தோ கிராமட் சாலையில் ஒரு டயர் கடையின் மாடிதான் அவர்கள் பயிற்சி செய்த இடம். ரப்பர் நாற்றம், சத்தம் வெளியே போகாமலிருக்க முட்டை அட்டை ஒட்டிய சுவர். முதல் நாள் டிரம்ஸ் தொடங்கியதும் நான் காதைப் பொத்திக்கொண்டேன். நீ ஒலிபெருக்கியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாய். பிறகு அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தாய், ஒவ்வொரு மூலையிலும் நின்று கேட்டாய். பாட்டு முடிந்ததும் என்னிடம் வந்து, "நடுவுல இருக்கற இடத்தையெல்லாம் கிட்டார் எடுத்துக்குது. அங்க போயி நின்னா நம்மள ஒருத்தனுக்கும் கேக்காது. ஒண்ணு அதுக்கு மேல போகணும், இல்ல கீழ போகணும். இல்லாட்டி அவன் மூச்சு விடற வரைக்கும் காத்திருக்கணும்" என்றாய். மறுநாள் காலை ஃபெரியில் வாக்மேன் இல்லை. நீ உனக்குள்ளேயே வேறு எதையோ கேட்டுக்கொண்டு வந்தாய்.

எழுதியது உன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். ஒரு வரி எழுதுவாய், முணுமுணுப்பாய், எழுந்து சமையலறை வாசல்வரை நடப்பாய், திரும்பி வந்து அழிப்பாய். முன் ஹாலில் உன் அப்பா பேப்பர் படிப்பதுபோல் இருப்பார். பக்கம் புரளும் சத்தம் மட்டும் கேட்காது. நான் வியோலாவில் வாசித்துக் காட்டுவேன். "ரொம்ப அழகா இருக்குடி, வேணாம்" என்று ஒருமுறை ஒரு வரியை முழுசாக அடித்தாய். "அழகா இருந்தா கேக்கறவங்க பாட்ட விட்டுட்டு நம்மளப் பாப்பாங்க."

பதிவுக்குக் குறித்த நாளில்தான் உனக்கு அரசாங்க வேலைக்கான நேர்முகத் தேர்வும் வந்தது. நிரந்தரப் பதவி, ஓய்வூதியம். உன் அப்பா பல வருடம் பலரிடம் சொல்லி வைத்து வந்த வாய்ப்பு. நாளை மாற்ற முடியுமா என்று இரண்டு பக்கமும் கேட்டுப் பார்த்தாய். இரண்டு பக்கமும் முடியாது என்றார்கள். பதிவுக்கே போகிறேன் என்று நீ சொன்னபோது உன் அப்பா சத்தம் போடவில்லை. நான் அங்கேதான் நின்றிருந்தேன்.

"நேர்முகத்துக்குப் போகாம, கோலாலம்பூரில போய் உந்தப் பெடியளோட நிக்கப் போறியோ?"

"ஓம் அப்பா."

"அப்ப இனி என்னோட கதைக்காத."

அவர் சொன்னதைச் செய்கிறவர் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் மறுநாள் காலை ரயிலுக்கு எனக்கு முன்பே வந்து நின்றாய், வயலின் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி. ஈப்போ தாண்டும்வரை நீ உட்காரவில்லை. பெட்டிகளுக்கு நடுவே நடந்துகொண்டே இருந்தாய். டிக்கெட் பார்க்க வந்தவர் உன்னை மூன்று பெட்டிகளில் தேடிப் பிடித்தார்.

ஸ்டூடியோவில் நம்மோடு இன்னும் இருவர். ஓட்டல் இசைக்குழுவில் வயலின் வாசித்த ஒரு பிலிப்பைன்ஸ்காரர், செல்லோவுக்கு ஒரு வயதான சீனர். நாலு பேர் வாசித்ததையே திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்து ஒரு பெரிய கூட்டமாக்குவது திட்டம். தாள்களைப் பார்த்ததும் பிலிப்பைன்ஸ்காரர் சிரித்துவிட்டார்.

ரோஸ்லானின் குரலுக்காக அந்தக் குழு எல்லாக் கிட்டார்களையும் அரைச் சுரம் இறக்கிச் சுருதி கூட்டியிருந்தது. கிட்டாருக்கு அது ஒன்றுமில்லை. விரல் எப்போதும் போகும் இடத்துக்கே போகும். வயலின்காரர்களுக்கு அது நரகம். எழுதும்போது ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஃபிளாட் என்கிற இறக்கக் குறிகள் ஆறு வந்து நிற்கும், விரல் வைக்கும் இடமெல்லாம் கோணலாகிவிடும். நாம் வீட்டில் மெதுவாக வாசித்தபோது அவ்வளவாகத் தெரியவில்லை. அங்கே பாட்டின் வேகத்தில், நாலு பேராகச் சேர்ந்து வாசித்தபோது, சுருதி சேராமல் புளித்துப்போன ஒலி வந்தது. மறுபடி வாசித்தோம். இன்னும் மோசம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தயாரிப்பாளர் கடிகாரத்தைப் பார்ப்பதும், ரோஸ்லான் தரையைப் பார்ப்பதும் தெரிந்தது.

தயாரிப்பாளர் ஒலிவாங்கியில் பேசினார். "போதும்லா. கீபோர்டுல வயலின் சத்தம் இருக்கு. ஒரு பட்டன அமுக்குனா வந்துரும். நீங்க எல்லாரும் போயி சாப்பிடுங்க."

நீ எழுந்து வெளியே போனாய். உன் செருப்புச் சத்தம் நடைவழியில் போய்த் திரும்புவது எனக்குக் கேட்டது. நேர்முகத்தையும் விட்டு, அப்பாவையும் விட்டு வந்திருந்தாய். அழப்போகிறாய் என்று நினைத்து நானும் எழுந்தேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாய்.

"எல்லாரும் தந்தியத் தளத்துங்க" என்றாய். "கிட்டாரு எறங்குன மாதிரி நாமளும் அரைச் சுரம் எறங்கிருவோம்."

செல்லோக்காரர் வில்லைக் கீழே வைத்துவிட்டார். "தந்தி தொங்கும். சத்தம் செத்துப் போகும்."

"சாகாது அங்கிள். கறுக்கும். எனக்கு அதுதான் வேணும்."

"இந்தத் தாளெல்லாம்? இப்ப உக்காந்து எல்லாத்தையும் மாத்தி எழுதப் போறியா?"

"நோட்டு எதையும் மாத்த வேணாம். அதே கோட்டுலதான் இருக்கும். முன்னாடி இருக்கற அந்த ஆறு குறிய மட்டும் அடிச்சிட்டு ஒரு ஏத்தக் குறி போடுங்க. விரல் எப்பவும் போற எடத்துக்கே போவும்."

நாலு பென்சில்களும் ஒரே நேரத்தில் கீறிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பிலிப்பைன்ஸ்காரர் தன் தாளைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், முறுக்காணியைத் திருகினார். தந்திகள் முனகிக்கொண்டே இறங்கின. வாசித்தோம். செல்லோக்காரர் பயந்ததுபோல் சத்தம் சாகவில்லை. பகலில் மேகம் வந்து கூரைக்கு மேல் நிற்குமே, அப்படி ஒரு கனம் அதில் ஏறியிருந்தது. ரோஸ்லான் பாடி நிறுத்துகிற இடம் வந்தது. அங்கே வயலின்கள் இரண்டும் ஓய்ந்தன. நீ எனக்கென்று எழுதியிருந்த வரி, கூட்டத்தில் யாருக்கும் கேட்காத வியோலா, தனியாக மேலேறி வந்தது. வாசிக்கும்போது நான் உன் குதிகாலைப் பார்த்தேன். அது தரையில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரோஸ்லான் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தான்.

அந்தப் பாட்டு என்ன ஆனது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. காப்பிக் கடை, பஸ், பாசார் மாலாம் இரவுச் சந்தை, கல்யாண மண்டபம், எங்கும் அதுதான். கேசட் வந்த அன்று ஃபெரியில் அட்டையை விரித்தாய். கட்டைவிரல் வரிவரியாக இறங்கிக் கடைசியில் நின்றது. வயலின் இசைக்குத் தயாரிப்பாளரின் பெயர் போட்டிருந்தது. நீ அட்டையைக் கடலில் எறிவாய் என்று நினைத்தேன். மடித்துப் பையில் வைத்துக்கொண்டாய். அந்த வாரமே கோலாலம்பூருக்குக் கிளம்பினாய், நானும் வந்தேன். அவர் நமக்குக் குளிர்பானம் வரவழைத்தார்.

"எல்லாரும் சேந்து செஞ்சதுதானேம்மா" என்றார். "அடுத்த பாட்டுல பேரு போட்டுரலாம். வேல நெறைய இருக்கு. நீதான் எழுதணும்."

அடுத்த பாட்டுக்கும் எழுதினாய், அதற்கடுத்ததற்கும். பெயர் வரவில்லை. நான்காவது முறை அவர் ஆள் அனுப்பியபோது, "பேரு மொதல்ல அச்சாகட்டும், அப்புறம் தாளு தரேன்" என்று சொல்லி அனுப்பினாய். அதன்பிறகு ஆள் வரவில்லை. அந்தப் பாட்டில் கீபோர்டின் பட்டன் வயலின் வாசித்தது. நீ தற்காலிகக் குமாஸ்தாவாகவே பட்டர்வொர்த்துக்குப் போய் வந்தாய். பயந்து விட்டுவிட்டதாகச் சிலர் பேசினார்கள். நீ உன் பெயரை விலைபேச மறுத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

இத்தனையிலும் உன் அப்பா உன்னோடு பேசவில்லை. ஒரே மேசையில் சாப்பிட்டார், "உப்பு" என்று பொதுவாகச் சொல்வார். ஒருநாள் சனிக்கிழமை மதியம் நான் உன் வீட்டில் இருந்தபோது அவர் வெளியிலிருந்து வந்தார். சட்டை வியர்த்திருந்தது. செருப்பைக் கழற்றாமலே சாப்பாட்டு அறை வாசலில் நின்றார்.

"காப்பிக் கடையில ஒரு பாட்டுப் போட்டவங்கள். பெடியன் பாடி நிப்பாட்டினாப் பிறகு ஒண்டு மெல்ல எழும்புது. நீ இந்த மேசையில இருந்து முணுமுணுத்ததெல்லோ அது?"

நீ எழுந்து நின்றாய். "ஓம் அப்பா."

"ம்." செருப்பைப் பார்த்தார், கழற்றினார். "வடிவா இருக்கு. அங்க இருந்தவங்களுக்குச் சொன்னனான். என்ர மகள் எழுதினது எண்டு."

அவர் உள்ளே போய்விட்டார். நீ வழக்கம்போல் நடக்கவில்லை. அங்கேயே, இரண்டு கால்களும் தரையில் ஊன்றி, வெகுநேரம் நின்றாய். எந்த அட்டையிலும் வராத பெயர் பினாங்கில் ஒரு காப்பிக் கடையில் வந்துவிட்டது.

தொண்ணூறுகளில் ரோஸ்லான் தன் பழைய குழுவைச் சேர்த்து ஜார்ஜ் டவுனில் நிகழ்ச்சி நடத்தினான். ஞாயிறு மாலை, நமக்கு முன்வரிசையில் இடம். அந்தப் பாட்டு தொடங்கியது. வயலினுக்குப் பதில் கீபோர்டு. வாசித்த இளைஞன் உன் வரிகளுக்கு நடுவே இருந்த மௌனங்களையெல்லாம் நிரப்பிக்கொண்டே போனான். உன் குதிகால் ஆடத் தொடங்கியது. "என்னால முடியலடி" என்று எழுந்து போய்விட்டாய். பாட்டு முடிந்ததும் ரோஸ்லான் ஒலிவாங்கியைப் பிடித்து, இதன் வயலின் இசையை எழுதியது யார் என்று இத்தனை வருடமும் தவறாகச் சொல்கிறார்கள், எழுதியவர் இதோ இங்கே இருக்கிறார் என்று உன் பெயரைச் சொல்லிக் கைநீட்டினான். அரங்கமே எழுந்து கைதட்டியது, காலி நாற்காலியைப் பார்த்து. பக்கத்தில் நான் என்ன செய்வதென்று தெரியாமல் பாதி எழுந்து நின்றேன். நான்தான் நீ என்று நினைத்துச் சிலர் என்னைப் பார்த்துத் தட்டினார்கள்.

உன்னைக் கடலோரத்தில் கண்டுபிடித்தேன். தடுப்புச் சுவரை ஒட்டி வேகவேகமாக நடந்துகொண்டிருந்தாய். நடந்ததைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"பேரச் சரியாச் சொன்னானா?"

"தப்பாத்தான் சொன்னான்."

"நல்ல வேளை, நான் அங்க இல்ல."

சிரிப்பு அடங்கியதும், "உண்மையில அது நான் எழுதுனதான்னு சில நாள் எனக்கே சந்தேகம் வருதுடி" என்றாய். "அவன் பாட்டுல ஒரு காலி எடம் இருந்துச்சு. ஒன் வியோலா இருந்துச்சு. சுருதி எறங்கிக் கெடந்துச்சு. நான் போயி என்ன செஞ்சேன்?" அதற்கான பதிலை இன்று சொல்கிறேன். அந்தக் காலி இடத்தை அத்தனை பேரும் கேட்டோம். தூங்காமல் கிடந்தது நீ ஒருத்திதான்.

போன வாரம் வானொலியில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அறிவிப்பாளர், அந்தக் காலத்திலேயே கீபோர்டில் எவ்வளவு அருமையான வயலின் சத்தம் என்றார். நான் எழுந்து போய் வானொலியை அணைத்தேன், மறுபடி போட்டேன், அதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

கடைசி மாதங்களில் ஆஸ்பத்திரியில் உன்னைக் கட்டிலில் படுக்க வைப்பதே தாதிகளுக்குப் பெரிய வேலை. மருந்துப் புட்டி தொங்கும் கம்பியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நடப்பாய். நடக்க முடியாமல் போன பிறகு விரல்கள் போர்வையின் மேல் நடந்தன. ஒரு பிற்பகல் நான் வந்தபோது நீ கண்ணை மூடி எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாய். நான் கேட்டிராத மெட்டு. தாழ்ந்து, மெல்லத் திரும்பி, ஒரு படி ஏறி, பாதியில் நின்றது.

"யாருக்குடி இது?"

"ஒனக்கு. வியோலா மட்டும். வேற ஒருத்தரும் வேணாம்."

"அப்புறம்?"

"அதுக்கப்புறம் வரல." மூச்சு வாங்கினாய். "மிச்சத்த நீ போட்டுக்க."

"எனக்கு எழுதத் தெரியாதுலா."

"போட்டுப் பாரு. புடிக்கலன்னா எந்திரிச்சு நடந்துட்டு வந்து மாத்து. அவ்வளவுதான்."

அந்த மெட்டு எந்தத் தாளிலும் இல்லை. உலகத்தில் என்னிடம் மட்டும் இருக்கிறது. குளிக்கும்போது வரும், பஸ்ஸில் வரும், யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் வந்து நிற்கும். ஒவ்வொரு முறையும் நீ விட்ட அதே படியில் என்னை நிறுத்திவிட்டுப் போய்விடும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதை வாசித்தவள் நான். அடுத்த சுரம் எதுவென்று எனக்கு யாரும் எழுதிக் காட்டாத ஒரு வரி இதுதான்.

மதியம் வியோலாவை எடுத்துச் சுருதி கூட்டினேன். நீ நிறுத்திய இடம்வரை வாசித்தேன். அதற்குப் பக்கத்தில் ஒரு சுரத்தை வைத்தேன். அழகாக இருந்தது. அதனாலேயே எடுத்துவிட்டேன். இன்னொன்றை வைத்தேன், அதற்குப் பின்னால் இன்னொன்று. கிட்டத்தட்ட வந்துவிட்டதுபோல் இருக்கிறது, இன்னும் வரவில்லை.

செருப்பை மாட்டிவிட்டேன். கீழே போய்க் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து மாற்றுகிறேன்.